அண்ணனுக்காகக் காத்திருந்த கட்டி

கோமதி மேடம் போய்விட்டார் என்று ஆய்வகத்து முருகன் போனில் சொன்னபோது நான் வண்ணார்பேட்டை மேம்பாலத்தில் நின்றிருந்தேன். பின்னால் ஹாரன் அடித்தார்கள். வண்டியை எடுக்கத் தோன்றவில்லை.

அவரோடு வேலை செய்த உங்களுக்கு அந்தக் குரலை ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: அறுவையில் எடுத்த கட்டியை நுண்ணோக்கியில் பார்த்து இன்ன நோய் என்று சொல்லும் டாக்டர் அவர். நான் அதே மருத்துவமனையில் புற்றுநோய்க்கு மருந்து கொடுப்பவன்.

எடுத்த கட்டியைத் தட்டில் வைத்துச் சொந்தக்காரர்களிடம் காட்டுவது நம் பக்கத்து வழக்கம். காட்டாவிட்டால் ஆபரேஷனே நடக்கவில்லை என்பார்கள். மேடத்துக்கு அது ஆகவே ஆகாது. மார்பகக் கட்டியில் எந்த ஜீன் எவ்வளவு வேலை செய்கிறது என்று பார்த்தால், நோய் திரும்புமா, கீமோ வேண்டுமா என்று ஓரளவு சொல்லலாம். கட்டியை உடனே ஃபார்மலின் திரவத்தில் போட்டுக் கெடாமல் காக்க வேண்டும்; வெளியே கிடந்தால் அந்தத் தடயம் அழிந்துவிடும். "மாமா வந்துகிட்டு இருக்காவ, செத்த பொறுங்க" என்ற ஒருவரிடம், "ஒங்க மாமா பைய வரட்டும் அண்ணாச்சி. மொதல்ல இது ஃபார்மலினுக்குள்ள போகட்டும்" என்று கத்தித் தட்டைப் பிடுங்கிக்கொண்டு போனார்.

பிறகு அவருக்கே அந்தக் கட்டி வந்தது. ஆபரேஷன் அன்று நான் ஊரில் இல்லை. ஆழ்வார்குறிச்சியிலிருந்து அண்ணன் வந்துகொண்டிருந்தார். மேடத்தின் அண்ணனுக்குக் காட்டாமல் கட்டியை எப்படி ஆய்வகத்துக்கு அனுப்புவது என்று தியேட்டரே மரியாதையோடு காத்திருந்தது. வாசலில் நின்று கத்த வேண்டியவர் உள்ளே மயக்கத்தில் கிடந்தார்.

ஜீன் சோதனையில் ஒன்றும் படிக்க முடியவில்லை என்று பதில் வந்தது. முன்பு நோயைக் கண்டறிய ஊசியில் எடுத்த துண்டும் அந்தச் சோதனைக்குப் போதவில்லை. கீமோ எடுத்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினேன். "தேவையான்னே தெரியாம எதுக்கு ஏத்திக்கிடணும்? மாத்திரை போதும்" என்றார். யாரையும் ஒரு வார்த்தை திட்டவில்லை. "எங்க அண்ணன் அதப் பாத்துட்டு அழுதானாம். விடுங்க டாக்டர்." அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

நோய் எலும்பில் திரும்பியது. அந்தச் சோதனையில் முடிவு தெரிந்திருந்தால் பிழைத்திருப்பாரா? தெரியாது. இனி யாருக்கும் தெரியப்போவதில்லை என்பதுதான் என்னைப் போட்டு அறுக்கிறது.

அவரிடமிருந்து நான் வைத்திருப்பது அந்தக் கத்தல் ஒன்றுதான். காரியம் முடிந்த மறுநாள் தியேட்டர் வாசலில் ஒரு கூட்டம் தட்டைச் சுற்றி நின்றது. "மொதல்ல அது ஃபார்மலினுக்குள்ள போகட்டும்" என்று கத்தினேன். தட்டை ஏந்தியிருந்த நர்ஸ், அன்று மேடத்தின் அண்ணனுக்காகக் காத்து நின்றவர். என்னை நிமிர்ந்து பார்க்காமல் உள்ளே ஓடினார்.