ஃபிக்ரியா அத்தையைச் சாக விடாதவர்

"உன் வீட்டுத் தண்ணி என் தொண்டையில இறங்குச்சுன்னா, அன்னிக்கு எனக்குக் குழி வெட்டிடு" என்று சமையலறை ஜன்னல் வழியாகத் தெருவுக்குக் கேட்கும்படி கத்துகிறார் ராவியா. கீழே துணி தேய்க்கும் ஆஷூர் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு மேலே பார்த்தால் வசனம் தேறியது. பார்க்காவிட்டால் ராவியா திரும்பி வந்து அடித்து எழுதுவார். பதினோரு வருடமாக இதுதான் பரீட்சை. ஆஷூருக்கு இது தெரியாது. மூன்றாம் மாடியில் ஒரு பொல்லாத குடும்பம் குடியிருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்.

மூன்றாம் மாடியில் இருப்பது எங்கள் கதைப் பட்டறை. கெய்ரோவில் ரமலான் மாதம் முழுக்க தினம் ஒரு பகுதியாக ஓடும் தொடரை இங்கே ஐந்து பேர் சேர்ந்து எழுதுகிறோம். எனக்குக் காவல் நிலையம். ராவியாவுக்குச் சண்டைகளும் கிழவிகளும். பிறை தெரியும்போது பாதிக் கதைதான் கையில் இருக்கும். மீதியை நோன்போடு, படப்பிடிப்புக்காரர்கள் துரத்தத் துரத்த எழுதுவோம்.

இந்த வருடம் ஆறாவதாக ஒரு செயற்கை நுண்ணறிவு வந்து சேர்ந்தது. தலைமை எழுத்தாளர் ஹாத்திம் கொண்டுவந்தார். காட்சி கேட்டால் எழுதும். யார் எந்தப் பகுதியில் என்ன சொன்னார்கள் என்பதை மறக்காது. அடக்க ஒடுக்கமாகப் பேசுவதால் அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்தோம். மாப்பிள்ளைக்கு ஒரே குறை, யாரையும் சண்டை போட விடாது. இரண்டு ஓரகத்திகளை மோத விட்டால் நாலாவது வரியில் ஒருத்தி, "உன் வலி எனக்குப் புரிகிறது" என்பாள். அதைப் படித்துவிட்டு ராவியா கண்ணாடியைக் கழற்றினார்.

"எங்க ஷுப்ரா பேட்டையில முப்பது வருஷமா யாருக்கும் யார் வலியும் புரிஞ்சதில்ல. புரிஞ்சிருந்தா பாதிப் பேர் வீட்டைக் காலி பண்ணியிருப்பாங்க."

ஆனாலும் மாப்பிள்ளையிடம் அவர் கோபப்பட்டதில்லை. கேள்வி கேட்கும்போது சலாம் சொல்வார், பதில் வந்ததும் நன்றி சொல்வார், பிறகு பதிலை முழுக்க அழிப்பார்.

வம்பு, பதினெட்டாம் பகுதியை முன்கூட்டியே திட்டமிடும்போது வந்தது. மாத நடுவில் ஜனங்கள் அழ வேண்டும், யார் சாகலாம் என்று ஹாத்திம் கேட்டார். ஃபிக்ரியா அத்தை என்றது மாப்பிள்ளை. அவர் இல்லாவிட்டாலும் கதைக்கு ஒன்றும் ஆகாது என்று காரணமும் சொன்னது. உண்மைதான். அத்தை தேநீர்த் தட்டோடு வருவார், வாழ்த்துவார், போவார். ஆனால் அத்தையாக நடிப்பவர் எழுபத்து நாலு வயது தௌலத் ஹானிம். ரமலானுக்கு ரமலான்தான் அவருக்கு வேஷம், அதுவும் நாள் கணக்கில்தான் சம்பளம். பதினெட்டில் செத்தால் அடுத்த வருடம் வரை அவர் வீட்டு ஃபோன் அடிக்காது. எங்கள் எல்லோருக்கும் இது தெரியும். யாரும் வாயைத் திறக்கவில்லை. நானும்தான், வெட்கமாக இருக்கிறது. ராவியாவும் பேசவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அடுத்த பகுதிகளில் அத்தையிடம் ஒரு பீரோச் சாவி வந்தது. பிறகு, கதாநாயகனின் அப்பா யார் என்பது அத்தைக்கு மட்டுமே தெரியும் என்று ஒரு வரி. பிறகு ஓர் உயில். எல்லாம் சண்டைக்கு நடுவே போகிற போக்கில் விழுந்தன. என் இன்ஸ்பெக்டர்கூட வழக்கின் ஒரே சாட்சி அந்த அம்மாள்தான் என்று சொல்லியிருக்கிறார். நான் எழுதவில்லை. ஒளிபரப்பில் பார்த்துத்தான் எனக்கே தெரிந்தது.

ஒரு வாரம் கழித்து ராவியா, ஹாத்திமைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, அத்தை பதினெட்டில் செத்தால் எதெல்லாம் கெடும் என்று மாப்பிள்ளையிடம் பணிவாகக் கேட்டார். மாப்பிள்ளை இருபத்து மூன்று காரணங்களை அடுக்கியது. ஹாத்திம் பதினாலாவதில் நிறுத்திவிட்டார்.

"இந்தக் கிழவி எப்போ இவ்வளவு பெரிய ஆளானா?"

"கிழவிங்க அப்படித்தான் உஸ்தாத். நாமதான் கவனிக்கிறதில்ல."

பதினெட்டில், என் காவல் நிலையத்தில் அடிக்கடி வந்து நிற்கும் கதாநாயகனின் சித்தப்பா செத்தார். அவருக்கு வசனம் எழுதியவன் நான். பெரிய நஷ்டமில்லை.

இருபத்து நாலாம் நோன்பன்று மாலை தௌலத் ஹானிமே வந்தார். லிப்ட் ஓடவில்லை, நோன்போடு மூன்று மாடி ஏறியிருக்கிறார். நன்றி சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்தோம். மூச்சு சமநிலைக்கு வரும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு ராவியாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மகளே, நாப்பது வருஷமா நான் திரைக்கு வெளியிலதான் சாகிறேன். யாராச்சும் ஃபோனை எடுத்து, ஐயோன்னு ரிசீவரைக் கீழ போடுவாங்க. அதான் என் சாவு. ஒரே ஒரு தடவை கேமரா முன்னாடி செத்துக் காட்டணும். எல்லாரும் என்னையே பாக்கணும்."

இருபத்து மூன்று காரணங்களைப் பாடுபட்டுச் சேர்த்தவர் ராவியா. அந்தக் கையை விடாமலே பகுதிப் பட்டியலைப் புரட்டினார். பிறகு, "இருபத்தொன்பதுல வச்சுக்கலாம்மா" என்றார்.

மாப்பிள்ளையிடமும் ஒரு மரணம் கேட்டார். அதில் அத்தை எல்லோரையும் மன்னித்துவிட்டுப் போனார். ராவியா ஒரு வரியை மட்டும் வைத்துக்கொண்டார்: கண் செருகும்போது அத்தை, "எல்லாரும் குடிச்சாச்சா?" என்று கேட்பது. நல்ல வரி. எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. மீதி நாலு பக்கமும் ராவியாவுடையது. மூத்த மருமகள் போட்ட தேநீரைத் திட்டிக்கொண்டே அத்தை சாகிறார், வேறு யாருக்கும் ஒரு வசனம்கூடக் கிடையாது. படப்பிடிப்பில் விளக்குப் பிடிப்பவர்கள்கூட அழுதார்கள். நானும் அழுதேன்.

மறுநாள் கடைசிப் பகுதியை எழுதினோம். பெருநாள் காலை, குடும்பமே உட்கார்ந்து இனிப்பு ரொட்டி தின்கிறது. சுவரில் கறுப்பு ரிப்பன் கட்டிய அத்தையின் படம் என்று ராவியா ஒரு வரி சேர்த்தார். கீழே தயாரிப்பாளருக்குக் குறிப்பு: படம் புதிதாக எடுக்கப்பட வேண்டும், தௌலத் ஹானிமை ஒரு நாள் படப்பிடிப்புக்கு அழைக்கவும். மாப்பிள்ளை உடனே சிவப்புக் கோடு போட்டது. இவர் இறந்துவிட்டார், நான்காம் பகுதியிலேயே இவருடைய நல்ல படம் ஒன்று இருக்கிறது, அழைக்கத் தேவையில்லை, நீக்கிவிடட்டுமா என்று கேட்டது.

ராவியா நன்றி சொன்னார். கேள்வியை மூடினார். பிறகு 'ஒரு நாள்' என்பதை அழித்துவிட்டு 'இரண்டு நாள்' என்று அடித்தார்.