அக்காவிடம் கேள்வி கேட்க வந்த வாசகி

எங்கள் அக்கா கண்மூடி ஓராண்டு நிறைகின்ற இந்நாளில், அவரை நேசித்த உங்கள் கைகளில் இந்த நினைவு மலரை வைக்கின்றோம். அவருடைய நாவல்களைப் பற்றி அறிந்தவர்கள் எழுதியுள்ளார்கள். தம்பியாகிய நான், அவற்றை வாசித்தவர்களோடு அக்கா எப்படி நடந்துகொண்டார் என்பதை மட்டும் சொல்ல விரும்புகிறேன்.

வெல்லாவெளியில் வேளாண்மை செய்த குடும்பத்தில் அக்கா மூத்தவராகப் பிறந்தார். அப்பா காலமானபோது எனக்கு ஆறு வயது. அக்கா சரித்திர ஆசிரியையாகி என்னையும் தங்கையையும் படிப்பித்தார். தமக்கென்று ஒரு குடும்பம் அமைத்துக்கொள்ளவில்லை. ஒல்லாந்தர் காலத்து மட்டக்களப்பைப் பற்றிய தமது முதல் நாவலைக் கொப்பிகளில் எழுதி வைத்திருந்தார். யுத்தத்தில் நாங்கள் இடம்பெயர்ந்தபோது வீட்டோடு அவையும் எரிந்தன. முகாமில் இருந்துகொண்டே முதல் வரியிலிருந்து மீண்டும் எழுதினார். அது புத்தகமாக வந்தபோது அவருக்கு ஐம்பது வயது கடந்துவிட்டது.

பாராட்டுக் கடிதங்கள் நிறைய வந்தன. ஒவ்வொன்றுக்கும் தம் கையாலேயே பதில் எழுதினார்.

ஒருநாள் ஏறாவூரிலிருந்து ஹபீபா என்றொரு பெண் பஸ் ஏறி எங்கள் வீட்டுக்கு வந்தார். முஸ்லிம் நெசவுக் குடும்பத்தைச் சேர்ந்தவர். தேநீர் வைத்தோம், அவர் தொடவில்லை. பத்திரிகைத் தாளில் சுற்றிக் கொண்டுவந்த நாவலை மேசையில் வைத்துவிட்டுப் பேசினார்.

“டீச்சர், நானூறு பக்கத்தையும் வாசிச்சன். அழுதும் இருக்கன். ஆனா எங்கட ஆக்களில ஒரே ஒருத்தன்தான் இதில வாறான். அவனும் நெல்லுக்குக் கள்ள அளவு அளக்கிறான். அந்தக் காலத்தில எங்களுக்கு உம்மா வாப்பா இருக்கல்லையா?”

அச்சுப்படி திருத்தியவன் நான். எனக்கும் அது கண்ணில் படவில்லை. கதைதானே என்று ஏதோ சொல்லிச் சமாளிக்கப் பார்த்தேன். அக்கா என்னைக் கையமர்த்தினார்.

“இருந்தாங்க, ஹபீபா. நான்தான் போய்ப் பார்க்கல்ல” என்றார்.

அதற்குப் பிறகு ஆறு வருடங்கள் அக்கா ஏறாவூருக்குப் போய்வந்தார். தறிக்குப் பக்கத்தில் அமர்ந்து பெண்களின் பேச்சைக் கேட்டார். இரண்டாவது நாவல் ஒரு நெசவுக்காரியின் கதையாக வந்தது. முதல் நாவலை மறுபதிப்புச் செய்தபோது அந்த வியாபாரியை எடுத்துவிடலாம் என்று பதிப்பாளர் சொன்னார். அக்கா சம்மதிக்கவில்லை. தாம் எங்கே பிழைவிட்டார் என்பது வாசிக்கிறவர்களுக்குத் தெரியட்டும் என்று, ஹபீபாவின் கேள்வியை முன்னுரையில் அப்படியே எழுதினார்.

இதற்காக அக்கா இழந்தவர்களும் உண்டு. தமிழ்–முஸ்லிம் கலவர நாட்களில் மகனைப் பறிகொடுத்த ஒரு பழைய வாசகர், இரண்டு நாவல்களையும் தபாலில் திருப்பி அனுப்பினார். “எங்கட செத்த பிள்ளைகளை மறந்திட்டீங்கள்” என்ற ஒரு வரி மட்டுமே உள்ளே இருந்தது. அக்கா பதில் எழுதாமல் விட்ட கடிதம் அது ஒன்றுதான். பலமுறை தொடங்கினார்; முடிக்க முடியவில்லை. அந்த மனுஷரிடம் நியாயம் பேசத் தமக்குத் தகுதியில்லை என்றார். அந்தக் கவலை கடைசிவரை அவரிடம் இருந்தது.

நோய் முற்றி ஆஸ்பத்திரியில் கிடந்த மாதங்களில் அக்காவுக்குக் கண்பார்வை மங்கிவிட்டது. ஹபீபா வாரத்தில் இரண்டு நாள் வந்து, முடிவுறாத மூன்றாவது நாவலை வாசித்துக் காட்டுவார். சரியில்லாத வரிகளை அக்கா கையசைத்து வெட்டச் சொல்வார். ஒரு திங்கட்கிழமை மாலை அந்தக் கை அசையவில்லை. ஹபீபா அந்தப் பக்கத்தை வாசித்து முடித்த பிறகே எங்களைக் கூப்பிட்டார்.

அக்காவைப் பராமரித்த வைத்தியர்களுக்கும் தாதியர்களுக்கும், இறுதிக் கிரியைகளில் தோள் கொடுத்த உறவினர், அயலவர், மாணவர் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அவரைப் பாராட்டிய வாசகர்களுக்கும் நன்றி. கோபித்துக்கொண்டவர்களுக்கும் நன்றி, அக்கா அவர்களைத்தான் அதிகம் நினைத்திருந்தார்.

சென்ற மாதம், அக்கா காலமானதை அறியாமல், வவுணதீவில் மீன்பிடிக்கும் ஒருவர் அவருக்குக் கடிதம் எழுதியிருந்தார். மேற்கிலிருந்து கச்சான் காற்று எதிரே வீசும் நாளில், கதையில் வருவதுபோல் பட்டினத்திலிருந்து பாய் விரித்து நேரே வாவியின் மேற்கிலுள்ள தங்கள் கரைக்கு வரமுடியாது என்று விளக்கியிருந்தார். நான் பதில் எழுதினேன்: “ஐயா, அக்கா இப்போது இல்லை. நீங்கள் சொன்னது சரி. திருத்திவிடுகிறோம்.”

தம்பி