மக்விஞ்சாவின் பின் சக்கரம்

சத்தம் என்று ஒன்று வந்துவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கும்வரை விடமாட்டேன். பலாக்கா ரோட்டில் பதினைந்து வருடமாக சைக்கிள் பார்க்கிறேன். இந்தத் திமிர்தான் என் தொழில்.

ஃபாக்சன் மக்விஞ்சா கபாசா ஓட்டுகிறவர். கேரியரில் மெத்தை வைத்துத் தைத்து, ஆளை உட்கார வைத்து மிதிக்கும் தொழில். புகையிலைத் தோட்டத்துக் கூலியை விட்டுவிட்டு வந்தவர். வயது ஐம்பதைத் தொட்டிருக்கும். ஆள் கிடைக்காத நாளில் ஐம்பது கிலோ சோள மூட்டையை ஏற்றுவார், சில நாள் இரண்டு மூட்டை. அவரை நம்பி வீட்டில் ஏழு வயிறு. அவர் நம்பியிருந்தது நங்கோண்டோ மேடத்தை. மேட்டுப் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை. கனத்த உடம்பு. ஆறு வருடமாகத் தினமும் காலையில் மக்விஞ்சாவின் சைக்கிளில்தான் பள்ளிக்குப் போவார். வேறு சவாரி கிடைக்காவிட்டாலும் அந்த ஒரு சவாரியில் வீட்டில் நிசிமா, அதான் சோளமாவுக் களி, கிண்டிவிடலாம்.

மழை முடிந்த மாதம் மக்விஞ்சா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"தம்பி, பின்சக்கரம் கரகரங்குது. ஸ்டாண்டுல பசங்க, 'சோள மில்லு வருது, ஒதுங்கு'ன்னு கத்துறானுங்க."

சைக்கிளைக் கவிழ்த்துச் சக்கரத்தைச் சுற்றிவிட்டேன். ஸ்குரூடிரைவரின் நுனியை ஹப்பில் வைத்து, பிடியைக் காதில் வைத்தேன். உள்ளே மணல் அரைபடுவதுபோல் கேட்டது. பிரித்தால் பால்ரஸ் குண்டு பாதி சில்லுசில்லாக இருந்தது. புதுக் குண்டு போட்டு, கிரீஸ் வைத்து, தளர்ந்திருந்த கம்பிகளை இறுக்கிக் கோட்டமும் எடுத்துக் கொடுத்தேன். சக்கரம் சத்தமில்லாமல் சுற்றியது.

மறுநாளே திரும்பி வந்தார். "அப்படியேதான் இருக்கு தம்பி."

"மிதிக்காம விட்டா வருதா அண்ணே?"

"இல்ல. மிதிச்சாத்தான்."

அப்படியென்றால் செயின், இல்லாவிட்டால் ஃப்ரீவீல். செயினைக் கழற்றி ஊறப்போட்டேன். பழைய ஃப்ரீவீலை எறிந்துவிட்டு வேறு மாட்டினேன். பெடலையும் விடவில்லை. மூன்றாம் நாளும் வந்து நின்றார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"நீங்க பின்னாடி உட்காருங்க. நான் மிதிக்கிறேன்."

சந்தை வரை போய்த் திரும்பினேன். ஒரு முனகல்கூட இல்லை.

"ஆள் பார்த்துத்தான் கத்துமோ என்னவோ," என்று பின்னால் இருந்து சிரித்தார்.

"இப்ப நீங்க மிதிங்க."

நான் கேரியரில் உட்கார்ந்தேன். மேடு ஏறியதும் வந்தது, கரக், கரக். வலது கால் கீழே இறங்கும்போதெல்லாம் வந்தது. எட்டி அவர் வலது முழங்காலில் கையை வைத்தேன். உள்ளங்கைக்கு அடியில் சில்லு உடைந்த பால்ரஸ் உருண்டது. அதே அரைப்புதான்.

"அண்ணே, சைக்கிள் நல்லாத்தான் இருக்கு."

அவர் மிதிப்பதை நிறுத்தினார். இறங்கவில்லை. காலை ஊன்றியபடி ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார், "தெரியும். சக்கரமா இருக்கக் கூடாதான்னு பார்த்தேன்."

சுகாதார நிலையத்தில் வலி மாத்திரை கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லியிருந்தார்கள். அங்கே போனால், வயதாகிவிட்டது, ஓய்வெடு என்றார்களாம். ஓய்வு! ஏழு வயிற்றுக்கு ஓய்வை வேகவைத்தா போடுவது?

"ஸ்டாண்டுக்குத் தெரிஞ்சா சேர்மன் என் நம்பரை எடுத்துட்டு ஓட்டவிடமாட்டான். போன வருசம் கூட ஓட்டுன பிஸ்விக்குக்கு இருமல் வந்தப்போ எடுத்தானே. மேடமும் பாவம் பார்த்து ஏறமாட்டாங்க. தம்பி, ஒரு உதவி பண்ணு. சக்கரத்தைக் கத்த வை."

"என்ன அண்ணே பேசுறீங்க?"

"சைக்கிள் கிழடுன்னா சிரிப்பானுங்க. நான் கிழடுன்னா முடிஞ்சுது."

எண்ணெய் டின்னில் ஒரு துண்டு வெட்டி, மட்கார்டு கம்பியில் முடுக்கி, சக்கரக் கம்பிகளில் உரசும்படி வளைத்துவிட்டேன். அன்றிலிருந்து அந்தச் சைக்கிள் ரோடு முழுக்கக் கேட்டது. முழங்கால் சத்தம் அதற்குள் அமுங்கிவிட்டது. காலையில் அவர் என்னைத் தாண்டிப் போகும்போது ஒரு கை தூக்குவார். வாரத்துக்கு வாரம் அந்த டின் அடிப்பது மெதுவாகிக்கொண்டே வந்தது எனக்கு மட்டும் தெரியும்.

ஒன்றரை மாதம் ஓடியது. ஒரு மத்தியானம் நங்கோண்டோ மேடம் என்னிடம் வந்தார். வியர்வையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"மக்விஞ்சா சைக்கிளை நீங்கதானே பார்க்குறீங்க? என்ன செலவானாலும் நான் தர்றேன். சரி பண்ணிக் கொடுங்க. பாவம், அவருக்கு வசதி இல்லபோல."

டின்னை எடுத்தால் முழங்கால் கேட்கும். முழங்காலைச் சொன்னால் மேடம் இனி அந்தச் சைக்கிளில் ஏறமாட்டார்.

"அது சரியாகாது மேடம்."

"உங்களாலயுமா?"

"என்னாலயும்தான்."

மேடம் கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்தார். "பள்ளிக்கூடத்துல பிள்ளைங்க தகரத்தைத் தட்டித் தட்டி என் பின்னாடி வருதுங்க. டீச்சர்னு ஒரு மரியாதை வேணாமா? நாளையிலருந்து வேற சைக்கிள் பேசிட்டேன். ஆறு வருசம் கூட்டிட்டுப் போன மனுசன்கிட்ட எனக்குச் சொல்ல வாய் வரல. நீங்க சொல்லிடுங்க."

சாயங்காலம் சத்தம் முன்னால் வந்தது, பிறகு மக்விஞ்சா வந்தார். நான் இடுக்கியை எடுத்துக்கொண்டு சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தினேன். டின் துண்டை முறுக்கிக் கழற்றினேன். அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேடம் வந்துட்டுப் போனாங்களா?"

"ஆமாண்ணே."

"என்ன சொன்ன?"

"சரியாகாதுன்னு சொன்னேன்."

"பொய் ஒண்ணும் சொல்லலையே," என்றார்.

அவர் ஏறவில்லை. ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு தள்ளியபடியே நடந்தார். சக்கரத்தில் ஒரு சத்தமும் இல்லை.