மூன்று நிமிடம் முந்தும் கடிகாரம்

தினமும் காலையில் பல்கலைக்கழகத்தில் தன் அறைக்கு வந்ததும் அந்த அம்மையார் செருப்பைக் கழற்றிவிட்டு நாற்காலி மேல் ஏறுவார். சுவர்க் கடிகாரத்தை இறக்கி, பெரிய முள்ளை ஆள்காட்டி விரலால் மூன்று நிமிடம் பின்னால் நகர்த்தி, ஆணியில் மாட்டுவார். "இதுக்கு எப்பவும் அவசரம்" என்பார். பிறகுதான் கணினி, தேநீர் எல்லாம்.

பங்குச் சந்தையில் மனிதர்களுக்குப் பதிலாக வாங்கி விற்கும் கணினி நிரல்களைப் பற்றிப் பதினெட்டு ஆண்டுகளாக ஆராய்ந்து வந்தார். திரையில் எண்கள் ஏறி இறங்குவது அவருக்கு மழைநீர் கண்ணாடியில் வழிவதைப்போல. அவருடைய தம்பி மட்டும் கிண்டல் செய்யாமல் விடமாட்டான். "ஒரு பங்குகூட வாங்காம, மீன்தொட்டியப் பாக்கிற மாதிரி திரையையே பாத்துக்கிட்டு இருக்கியே அக்கா, மீனாவது உன்னைக் கண்டுக்குதா?"

மீன் கண்டுகொண்டதோ இல்லையோ, தான் ஒன்றைக் கண்டுகொண்டதாகத்தான் அவர் நம்பினார். ஒரு சந்தையில் விலை சரிவதற்கு இரண்டு மில்லி செகண்ட் முன்பே, இன்னொரு சந்தையில் வாங்கக் காத்திருந்த நிரல்கள் ஒன்றாகப் பின்வாங்கின. யாரோ மூச்சை உள்ளிழுப்பதுபோல. அதற்கு 'மூச்சு' என்றே பெயர் வைத்தார். அதைப் பற்றி எழுதிய கட்டுரையை ஓர் ஆய்விதழ் ஏற்றுக்கொண்டது. அது அச்சேறினால் பேராசிரியர் பதவி அவருக்குத்தான் என்று துறையே பேசிக்கொண்டது.

அச்சுக்குப் போக ஒரு வாரம் இருந்தபோது, வழக்கம்போல நாற்காலி மேல் நின்றவர், முள்ளில் விரல் வைத்தபடியே நின்றுவிட்டார். சுவர்க் கடிகாரத்தில் ஒரு நேரம், கைக்கடிகாரத்தில் ஒரு நேரம். அப்படியானால் அந்த இரண்டு சந்தைகளின் கடிகாரங்கள்?

நான்கு நாள் சரிபார்த்தார். விலை சரிந்த சந்தையின் கடிகாரம் மூன்று மில்லி செகண்ட் முந்தி ஓடியிருந்தது. அதைத் திருத்தியதும், சரிவுக்குப் பிறகே நிரல்கள் விலகின. சுடுபட்ட கை விலகுவதைப்போல, அவ்வளவுதான். மூச்சு என்று ஒன்று இல்லவே இல்லை.

துறைத்தலைவர் கதவைச் சாத்திவிட்டுத் தணிந்த குரலில் பேசினார். "மூணு மில்லி செகண்ட், மேடம். கண்ண மூடித் திறக்கிறதுக்குள்ள நூறு தடவை போயிடும். யாரு கேக்கப்போறா?"

"நமக்குத்தான் சார் அது ஒண்ணுமில்ல. அந்த நிரல்களுக்கு அது ஒரு முழு மத்தியானம்."

அன்றே கட்டுரையைத் திரும்பப் பெற்றார். பதவி அடுத்த அறைக்காரருக்குப் போனது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லையே என்று தம்பிதான் அங்கலாய்த்தான். அவர் சன்னல் கண்ணாடியில் வழியும் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடிகார முள்ளைப் பின்னால் நகர்த்தும் வழக்கத்தை மட்டும் ஓய்வுபெறும் நாள்வரை விடவில்லை.

அந்தக் கடிகாரத்தில் ஒரு பழுதும் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. அறையைப் பெருக்க வரும் பெண்மணி, ஐந்தரை மணி பஸ்ஸைத் தவறவிட்டுவிடக் கூடாதென்று, தினமும் சாயங்காலம் நாற்காலி மேல் ஏறி முள்ளை மூன்று நிமிடம் முன்னால் தள்ளி வைத்தாராம்.