பெரட்டில் கூப்பிடாத பெயர்

மலேசியாவில், ரந்தாவ் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் நான் ஆபீஸ் கணக்குப் பார்க்கும் பெரிய கிராணியாக இருந்த கடைசி வருடம் அது. தீபாவளிக்கு முந்திய மழைக்காலம்.

எங்கள் தோட்டத்தில் குலை வெட்டும் ஆண்களோடு அவர்களுடைய மனைவிமாரும் வேலைக்குப் போவார்கள். கணவர் நீளக் கழி அரிவாளால் குலையை வெட்டித் தள்ளுவார். சிதறும் உதிரிப் பழங்களை மனைவி பொறுக்கிச் சாக்கில் கட்டுவார். எடை முழுவதும் கணவர் பெயரில் ஏறும். மனைவிக்குப் பதிவு இல்லை, காப்புறுதியும் இல்லை. நிர்வாகத்துக்கு அது வசதி. மானேஜர் கண்டுகொள்ளாததை நானும் கண்டுகொள்ளவில்லை.

காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் நான் பெயர் கூப்பிடும்போது, ஒரு பெண் கணவருக்குப் பின்னால் சாக்கை மடித்து வைத்துக்கொண்டு நிற்பார். வாய்த்துடுக்கு அதிகம்.

“என்னா கிராணி, எம்பேரு எழுத மட்டும் உங்க பேனாவுல மை இல்லையா?” என்று ஒருநாள் எல்லார் முன்னாலும் கேட்டார். களமே சிரித்தது. நானும் சிரித்தேன்.

சில வாரங்களில், கணவர் வெட்டிய மட்டை சரிந்து விழுந்து அதன் முள் அந்தப் பெண்ணுடைய இடது கண்ணில் குத்திவிட்டது. கணவர் அவரை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு ஆபீஸுக்கு வந்தார். துண்டெல்லாம் ரத்தம். என் காரிலேயே இருவரையும் சிரம்பான் மருத்துவமனைக்குக் கொண்டு போனேன். அந்தப் பயணத்தில்தான் நான் அதைச் சொன்னேன்.

“வீட்டுக்குப் பின்னால மட்டை இழுக்கும்போது குத்திருச்சின்னு சொல்லும்மா. வேலைக் காட்டுலன்னு சொன்னா உன் வீட்டுக்காரரு வேலைக்கு ஆபத்துலா.”

அவர் துண்டை அழுத்திக்கொண்டே தலையாட்டினார்.

உண்மையில் ஆபத்து எனக்குத்தான். வேலையில் அடிபட்டால், பெயர் பதியாத தொழிலாளிக்கும் இழப்பீடு கேட்க உரிமை உண்டு. பதியாமல் விட்டவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும். ஆங்கிலப் பள்ளியில் படித்த எனக்கு அது நன்றாகவே தெரியும். பென்ஷன் வயதில் பெயர் கெட்டுவிடுமே என்று பயந்தேன்.

கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை.

ஆனால் மருத்துவர் சந்தேகப்பட்டு மேலே எழுதிப் போட்டிருக்கிறார். காப்புறுதி இலாகாவிலிருந்து ஒரு தமிழ்ப் பெண் அதிகாரி விசாரிக்க வந்தார். ஆபீஸில் என் மேசைக்கு எதிரிலேயே அந்தப் பெண்ணை உட்காரவைத்து, மெதுவாகத்தான் கேட்டார்: “பயப்படாம சொல்லுங்கக்கா. வேலை செய்யும்போதா அடிபட்டுச்சு?”

அந்தப் பெண் முகத்தை முழுவதும் திருப்பி, இருந்த ஒரு கண்ணால் என்னைப் பார்த்தார். நான் ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். வாழ்நாள் முழுவதும் அவருக்கு மாதாமாதம் ஒரு உதவித்தொகை கிடைத்திருக்கும். நான் குனிந்து மேசையைப் பார்த்தேன்.

“வீட்டுலதாங்க,” என்றார்.

அதிகாரி போன பிறகு அந்தப் பெண் வாசலில் நின்று, பள்ளிப் பிள்ளை மாதிரி என்னிடம் கேட்டார்: “சரியா சொன்னேனா கிராணி?”

ஓய்வு பெற்றுச் சில வருடங்கள் கழித்து, மனம் கேட்காமல் அவர்கள் வீட்டுக்குப் போனேன். நானே போய் உண்மையை எழுதிக் கொடுத்துவிடுகிறேன் என்றேன். கணவர் வேண்டாம் என்றார். “இத்தன வருசம் கழிச்சிப் போயி சொன்னா, அவ பொய் சொன்னான்னுதான ஆகும். கண்ணுதான் போச்சி. பேரையாவது விட்டுருங்க.” அந்த அம்மாள் உள்ளேயிருந்து தேத்தண்ணீர் கொண்டு வந்தார். தம்ளரை வைக்கும்போது என் பக்கத்து மேசை விளிம்பைக் கையால் தடவிப் பார்த்துத்தான் வைத்தார்.

இதை எழுதுவதற்கு அவர்களிடம் கேட்டேன். எழுதுங்கள், பெயர் மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பெரட்டில் ஒரு நாளும் நான் கூப்பிடாத அந்தப் பெயரை இங்கேயும் எழுத முடியவில்லை. விடியற்காலையில் விழிப்பு வரும்போது மட்டும் வாய்விட்டு ஒருமுறை சொல்லிக்கொள்கிறேன்.