பொட்டு வைத்த ரைஃபிள்

இல்லை, மழையில் நனைந்து வந்த துரு இல்லை அது. பொட்டு வைத்ததால் வந்தது.

போன ஆயுத பூஜையில் லேப்டாப், மிக்சி, கார் எல்லாவற்றுக்கும் வைத்த கையோடு, என் கணவன் செந்தில் தன் ரைஃபிளுக்கும் சந்தனம் குழைத்துக் குங்குமம் வைத்தான். அமெரிக்காவில் கிரீன் கார்டு வந்ததும் அவன் தனக்கென்று வாங்கிய முதல் பொருள். நூறு வயதுக்கு மேல். ஒரு நேரத்தில் ஒரே தோட்டா. சில நாள் கழித்துத் துடைத்தபோது இரும்பில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு வட்டம். யார் கேட்டாலும் மழை என்றான்.

நவம்பரில் ஒரு சனிக்கிழமை, கறையை எடுக்க முடியுமா என்று கேட்க, டெக்சாஸில் நாங்கள் இருக்கும் கேட்டி நகரிலிருந்து கம்ஃபர்ட் என்ற சிற்றூருக்குப் போனோம். ஐ-10 நெடுஞ்சாலையில் மேற்கே சுமார் 215 மைல். காலை ஆறரைக்குக் கிளம்பினால் சான் அன்டோனியோவில் நெரிசல் இருக்காது. அதற்குப் பிறகு நிலம் மேடேறுகிறது. சுண்ணாம்புப் பாறை. குட்டை ஓக் மரங்கள். பேச்சு குறைகிறது.

டானாவின் பட்டறை ஊருக்கு வெளியே. அவளுக்கு எங்கள் வயதுதான். பழைய துப்பாக்கிகளை மாற்றியமைப்பது அவள் தொழில். இந்த ரைஃபிளுக்கு முன்பே போட்ட புது வால்நட் மரக்கட்டை, குறி பார்க்கும் புதுத் துளை, குழலுக்குள் புதுக் குழல், எல்லாம் அவள் வேலை. பழையதாக மிச்சமிருப்பது நடுவிலுள்ள இரும்புக்கூடு மட்டும். வட்டம் அதில்தான்.

அவளிடமும் மழை என்றான். மழை இவ்வளவு உருண்டையாகப் பெய்யாதே என்றாள். செந்தில் என்னைப் பார்த்தான். நான் ஜன்னலைப் பார்த்தேன். பிறகு பொட்டைப் பற்றிச் சொன்னான். காருக்குமா பொட்டு என்று கேட்டாள். காருக்கும்தான், டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம்கூட உண்டு என்றான். டானா வெகுநேரம் சிரித்தாள். அவனும் கொஞ்சம்.

எடுக்கலாம் என்றாள். ஆனால் கூட்டை முழுவதும் தேய்த்துப் புதிதாக நிறமேற்ற வேண்டும். அதன் பழைய நீலமும் பழுப்பும் திரும்ப வராது.

"நீ சொல்லு," என்றான் என்னிடம்.

"உன் ரைஃபிள்டா. நீ வெச்ச பொட்டு."

"சுடுற ரேஞ்ச்ல எல்லாரும் கேப்பாங்கடி."

"கேக்கட்டும். நீ என்ன சொல்லப்போற, அதான் மேட்டர்."

கட்டைவிரலால் வட்டத்தை ஒருமுறை தடவினான். வேண்டாம் என்று டானாவிடம் சொன்னான்.

போகிறவர்களுக்கு: ரைஃபிளைக் காலியாக, பூட்டிய பெட்டியில் வையுங்கள், தோட்டாக்கள் தனியாக. சைவம் என்றால் தயிர்சாதம் கட்டிக்கொள்ளுங்கள், சான் அன்டோனியோ தாண்டினால் பொரித்த உருளைக்கிழங்குதான். பூஜை போட்டால் அன்றே துடைத்து எண்ணெய் பூசுங்கள்.

திரும்பும் வழியில் ஒரு ரேஞ்சில் நிறுத்தினோம். ஆளுக்கு இருபது டாலர். ஒற்றைத் தோட்டா என்பதால் ஒவ்வொரு வெடிக்குப் பிறகும் ஒரு இடைவெளி. அதில் எதையாவது யோசித்தே ஆகவேண்டியிருக்கிறது. பக்கத்து மேசைக்காரர் வட்டத்தை எட்டிப் பார்த்தார். மழையா என்று கேட்டார்.

செந்தில் தோட்டா அறையைத் திறக்கும் லீவரை இறக்கினான். இல்லை, நாங்கள் வருடத்துக்கு ஒருமுறை எங்கள் கருவிகளைக் கும்பிடுவோம் என்றான். தோட்டாவை வைத்தான்.

நான் காதுமூடியை மாட்டிக்கொண்டேன்.