செவலைக் காளைகளின் காதில் இரண்டு ஓட்டை

தேவராஜு பொய் எழுதியிருக்கிறான். அதுவும் அச்சில், ஓய்வூதியர் சங்கத்து மாத இதழில், தன் போட்டோவுக்குப் பக்கத்திலேயே.

ஆந்திர எல்லையில் மாட்டுச் சாவடியில் வேலை பார்த்தபோது ஓர் ஏழை விவசாயியின் உழவு மாடுகளைத் தன் அறிவாலும் துணிச்சலாலும் விடுவித்தானாம். 'உடனிருந்த புதிய ஊழியர் பயந்து நடுங்கினார்' என்று ஒரு வரி வேறு. அந்தப் புதிய ஊழியர் நான்தான். நடுங்கினாயா என்று நீங்கள் கேட்டால், ஆமாம், நடுங்கினேன். அதை எழுத இவன் யார்?

இதழ் வந்த காலையில் மருமகள் பினாயில் ஊற்றி வீடு துடைத்துக்கொண்டிருந்தாள். அந்த வாசனையும் தேவராஜுவின் முகமும் ஒன்றாக வந்தால் எனக்கு வேறெதுவும் நினைவுக்கு வராது. சாவடி வாசலில் இருந்த சிமெண்டுத் தொட்டிதான் வரும். அதில் எப்போதும் பினாயில் தண்ணீர் நிற்கும். ஆந்திராச் சந்தையில் வாங்கிய மாடு எதுவானாலும் அதில் குளம்பு நனைத்துத்தான் இந்தப் பக்கம் வர வேண்டும். மாடுகள் தகராறு செய்யாமல் இறங்கிவிடும். ஓட்டி வருகிறவர்கள்தான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சுற்றிப் போவார்கள்.

சாவடி என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். கும்மிடிப்பூண்டிக்கு வடக்கே, பெரிய ரோட்டின் ஓரத்தில் ஓடு போட்ட ஓர் அறை. குறுக்கே ஏற்றி இறக்க ஒரு சவுக்குக் கழி. பின்னால் முள்வேலி அடைத்த பட்டி. எழுபதுகளின் தொடக்கம் அது. இன்றைக்கு அங்கே இரும்பு உருக்குகிற கம்பெனிகளின் புகைபோக்கிகள் நிற்கின்றன. அன்றைக்கு நின்றவை பனைமரங்களும் நாங்கள் இருவரும்.

எங்கள் வேலை மாடுகளைக் கொல்லும் வெக்கை நோயைத் தடுப்பது. அந்த நோய் ஒரு தெருவுக்குள் வந்தால் வாரத்துக்குள் கொட்டகைகள் காலியாகும். ஊசி போட்ட மாட்டுக்கு அடையாளமாகக் காதில் ஒரு துளை போடுவார்கள். துளை இருந்தால் மாடு போகலாம். இல்லாவிட்டால் நாங்கள் ஊசி போட்டு, துளையும் போட்டு, பத்து நாள் பட்டியில் கட்டிவைக்க வேண்டும். ஊசி மருந்து ஐஸ் நிறைந்த பிளாஸ்கில் பொன்னேரியிலிருந்து பஸ்ஸில் வரும். அந்த ஐஸில் தேவராஜு தன் கலர் பாட்டிலையும் சொருகிவைப்பான். அரசாங்க ஐஸில் ஆரஞ்சு கலர் குடித்த ஒரே ஊழியர் அவன்தான். இதைத் தன் கட்டுரையில் ஏனோ எழுத மறந்துவிட்டான்.

நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது மாதம், ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட நேரத்தில், திருப்பாச்சூர் முனுசாமி ஒரு ஜோடி செவலைக் காளைகளை ஓட்டிக்கொண்டு வந்தார். நல்ல ஜோடி. ஆள் நனைந்திருந்தார், மாடுகளின் முதுகில் சாக்குப் போட்டிருந்தார். அதைப் பார்த்தே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. பிடித்து என்ன பயன்? காதைத் தடவிப் பார்த்தேன். துளை இல்லை.

"இன்னாபா, பாத்தியா?" என்றான் தேவராஜு, உள்ளே பெஞ்சில் படுத்தபடியே.

"பாத்தேன். ஒண்ணுமில்ல."

"அப்ப குத்து."

குத்தினேன். ரிஜிஸ்டரிலும் ஏற்றினேன். பத்து நாள் என்று சொன்னதும் முனுசாமி மழையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"சார், நாத்து உட்டு இருவத்தாறு நாள் ஆவுது. பழைய ஜோடிய வித்துட்டுத்தான் இத்த வாங்கினேன். ஊர்ல அவனவன் ஏரு அவனவன் கழனில கீது. பத்து நாள் கட்டிப்போட்டா நாத்து முத்திப்பூடும். அப்பறம் நான் இன்னாத்த நடறது?"

எங்கள் வீட்டிலும் ஒன்றரை ஏக்கர் உண்டு. முற்றிய நாற்று என்ன ஆகும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் ரிஜிஸ்டரில் எழுதியாகிவிட்டது. அரசாங்கத்தில் எழுதியதை அடிப்பது மாட்டுக்குக் காது ஒட்டவைப்பதைவிடக் கஷ்டம்.

மூன்றாம் நாள் அவர் மனைவி கன்னியம்மா மூன்று பஸ் மாறி வந்து சேர்ந்தார். கையில் சோற்றுத் தூக்கு. நேராகப் பட்டிக்குள் போய் வைக்கோலைச் சுருட்டி மாடுகளைத் தேய்த்துக் கழுவ ஆரம்பித்தார். கொஞ்ச நேரத்தில் என்னைக் கூப்பிட்டார்.

"இந்தா சார், இங்க வா. நீ எத்தினி ஓட்டை போட்ட?"

"மாட்டுக்கு ஒண்ணு."

"அப்ப இது யாரு போட்டது? எங்க ஊட்டு மாட்டுக்கு இருக்கிறது காதா, சல்லடையா?"

பார்த்தேன். நான் போட்ட பச்சைத் துளைக்குப் பக்கத்தில், நன்றாக ஆறிப்போன பழைய துளை. அவர் விரலில் சிவப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. தேன்மெழுகில் செங்கல்பொடி குழைத்து, மேலே மாட்டு மயிரையே ஒட்டி அடைத்திருக்கிறார்கள். இரண்டு மாட்டுக்கும். செவலைத் தோலோடு அப்படிப் பொருந்தியிருந்தது.

தேவராஜு மெதுவாக எழுந்து வந்து பார்த்தான். அவன் ஆச்சரியப்படவே இல்லை.

"ஓட்டைக் காது மாடுன்னா நோய் பாத்த மாடுன்னு சந்தையில வெல கொறச்சிருவாங்க. அதான் அடைச்சி விக்கிறாங்க. தரகுக்காரனுங்க நம்ம சாவடி வர்றதுக்கு முன்னாடி புளியமரத்தாண்ட நின்னு சொரண்டி எடுத்துட்டு ஓட்டிக்கினு வருவானுங்க."

"இது உனுக்கு முன்னாடியே தெரியுமா?"

"நாலு வருசமா இங்கதான கீறேன்."

"ஏன் சொல்லல?"

"நீ கேக்கல."

முனுசாமியின் தவறும் அப்போதுதான் வெளியே வந்தது. தரகு கொடுக்காமல் நேராக வாங்கிவிட்டார். மெழுகைச் சுரண்டச் சொல்ல ஆள் இல்லை. "தரகுக்காரன் இல்லாம வாங்கினேன், பெரிய சமத்துன்னு தெருவுக்கே பீத்திக்கினியே," என்றார் கன்னியம்மா. முனுசாமி மாட்டின் காதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆறிய துளை என்றால் முன்பே ஊசி போட்ட மாடு. நிறுத்தியிருக்கவே கூடாது. ஆனால் இரண்டு முறை ஊசி போட்ட மாட்டை என்ன செய்வது என்று எங்களுக்கு வந்த சுற்றறிக்கை எதிலும் இல்லை. "ரிஜிஸ்டர்ல ஏறிடுச்சி. பத்து நாள்தான்," என்றான் தேவராஜு. பொன்னேரி மாட்டு டாக்டர் வந்து ரத்து செய்யலாம். அவர் வர இன்னும் ஒரு வாரம் ஆகும்.

அப்போதுதான் அலமாரியில் இருந்த சிவப்பு அட்டைப் புத்தகத்தை எடுத்தேன். வெள்ளைக்காரன் காலத்து உத்தரவுகளை யாரோ ஒரு புண்ணியவான் வரிசை எண் மட்டும் பார்த்துச் சேர்த்துத் தைத்தது. முன்பாதி முழுக்கத் தங்கம் தோண்டுவதற்கான குத்தகை விதிகள். பின்னால் கொஞ்சம் கால்நடை நோய் விதிகள். தங்கத்துக்குக் கெட்டித் தாள், மாட்டுக்குச் சாணித் தாள். துரைக்கு எதில் அக்கறை என்று தடவிப் பார்த்தாலே தெரியும். எங்கள் பக்கம் தோண்டினால் உப்புத் தண்ணீர்தான் வரும். இருந்தும் தங்கம் எடுத்தால் யாருக்குச் சொல்ல வேண்டும், எங்கே கல் நட வேண்டும் என்பதெல்லாம் எங்கள் அலமாரியில் தயாராக இருந்தது.

மாட்டு விதிகளில் செத்த மாட்டை எவ்வளவு ஆழத்தில் புதைக்க வேண்டும் என்று இருந்தது. உயிரோடு நிற்கிற மாட்டை எப்படி வெளியே விடுவது என்று இல்லை. என் இங்கிலீஷை வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டி முன்பாதிக்குப் போனேன். அங்கே ஒரு விதி. ஒரே இடத்துக்கு இரண்டு அனுமதி கொடுக்கப்பட்டிருந்தால் தேதியில் முந்தியது செல்லும், பிந்தியதை அங்கிருக்கும் அதிகாரியே ரத்து செய்யலாம்.

"டேய், அது தங்கத்துக்குப் போட்ட ரூலுடா," என்றான் தேவராஜு.

"பழைய ஓட்டை முந்தின அனுமதி, நான் போட்டது பிந்தினது. மாட்டுக்கு இல்லன்னு எங்கயாவது போட்டுகீதா?"

அவன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். போடவில்லை. உடனே சட்டையை மாட்டிக்கொண்டு எதிரில் இருந்த டீக்கடைக்குப் போய்விட்டான். நான் ரிஜிஸ்டரில் பக்கமும் விதி எண்ணும் போட்டு, 'முந்தியது செல்லும், பிந்தியது ரத்து' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். தங்கம் என்ற சொல்லை மட்டும் எழுதவில்லை. கை நடுங்கியது, ஒப்புக்கொள்கிறேன். கழியை நானே தூக்கினேன். கன்னியம்மா போகும்போது, "இன்னொரு ஓட்டை போடணும்னா இப்பவே போட்டுக்க சார், திரும்ப வரமாட்டோம்," என்றார். மாடுகள் தொட்டியில் இறங்கி ஏறிப் போயின. டீக்கடைப் பெஞ்சிலிருந்து ஒருவன் கையை ஆட்டினான். அவ்வளவுதான் தேவராஜுவின் துணிச்சல்.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து ஒரு பஸ் கண்டக்டர் வண்டியை நிறுத்திச் சொன்னார்: "சல்லடை சாருன்னா நீதானா? திருப்பாச்சூர்ல நட்டாச்சாம், சொல்லச் சொன்னாங்க." என் உத்தியோகத்தில் எனக்குக் கிடைத்த ஒரே நற்சான்றிதழ் அது. எழுத்தில் இல்லை.

எழுத்தில் கிடைத்தது வேறு. டாக்டர் வந்தார். ரிஜிஸ்டரைப் பார்த்தார். புத்தகத்தைக் கேட்டார். அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி படித்தார். "இங்க எந்த எடத்துலபா தங்கம் எடுக்கிறீங்க?" என்று கேட்டார். பிறகு தேவராஜுவைப் பார்த்தார்.

"நான் அன்னிக்கு லீவு சார்," என்றான் தேவராஜு. லீவு லெட்டரும் நீட்டினான். பழைய தேதியில், மை காயாமல்.

எனக்கு மெமோ வந்தது. தங்கச் சுரங்க விதியை மாட்டுக்குப் பயன்படுத்தியது ஏன் என்று விளக்கம் கேட்டு. அப்புறம் ஊத்துக்கோட்டைக்கு மாற்றல். அவன் அங்கேயே இருந்தான், ஐஸோடும் கலரோடும்.

போன மாதம் அந்த வழியாகப் போனேன். சாவடி இருந்த இடத்தில் கண்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்கின்றன. வெக்கை நோய் இன்றைக்கு உலகத்திலேயே இல்லை. ஒழிந்தது நல்லதுதான், அதற்கு நாங்கள் போட்ட ஊசியும் ஒரு காரணம் என்று நான் தைரியமாகச் சொல்வேன். ஆனால் சந்தையிலிருந்து இரண்டு நாள் நடந்து வரும் காளைகளும் இல்லை. சாக்கைத் தான் போர்த்திக்கொள்ளாமல் மாட்டுக்குப் போர்த்துகிறவரும் இல்லை. அங்கே டீ குடித்துக்கொண்டிருந்த பையனிடம் இங்கே மாட்டுக்குக் காவல் இருந்தது என்றேன். "எதுக்கு, திருடிடுவாங்களா?" என்று கேட்டான்.

தேவராஜு, உனக்கு ஒரே கேள்வி. லீவு என்று கையெழுத்துப் போட்டதும் நீ, சாவடியில் நின்று மாட்டை விடுவித்தேன் என்று எழுதியதும் நீ. இரண்டில் ஒன்று பொய். சங்கத்தின் அடுத்த மாதக் கூட்டத்துக்கு நான் வருவேன், முதல் வரிசையில் உட்காருவேன். அத்தனை பேர் முன்னால் மைக்கைப் பிடித்துச் சொல்: அன்றைக்கு நீ லீவா, டூட்டியா?